அறுபது சிரட்டையும் ஒரு 10 வாட் லேசரும்

போன வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு, லேசரால் பேர் வெட்டிய 12-ஆவது சிரட்டை சரியாக வந்தது. நடுவில் பேர், சுற்றிப் புள்ளிக் கோலம், ஓரத்துப் புள்ளி வரைக்கும் ஒரே கூர்மை. அதற்கு முன்னால் பதினோரு சிரட்டை அடுப்புக்குப் போயிருந்தன. எங்கே எது தப்பானது என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா மகள் கல்யாணம். தாம்பூலப் பையோடு ஆளுக்கு ஒரு சிரட்டைக் கிண்ணம் கொடுக்கலாம், குங்குமமோ சில்லறையோ போட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று அக்கா சொன்னாள். நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் 40 கிண்ணம். கூடவே பெண்ணுக்குக் கொடுக்கிற எவர்சில்வர் டம்ளர் ஆறிலும் பேர் போட வேண்டும். நாகர்கோவில் பக்கம் சிரட்டைக்குப் பஞ்சம் இல்லை. அதிலும் ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய் புவிசார் குறியீடு வாங்கியது, காய் பெரிது, சிரட்டையும் அதற்கேற்ற மாதிரி அகலம். கொப்பரைக் களத்தில் அரைச் சிரட்டையாகவே 5 ரூபாய் வீதம் 60 எடுத்து வந்தேன்.

என்னிடம் இருப்பது 10 வாட் டயோட் லேசர். நீல ஒளி, ஏறக்குறைய 450 நானோமீட்டர். 40 செ.மீ.க்கு 40 செ.மீ. படுகை. தெரிந்தவரிடம் பழையதாக 22,000 ரூபாய்க்கு வாங்கியது. தலை முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் போகும், மேலே கீழே போகாது. ஃபோகஸ் வைக்க வேண்டுமென்றால் திருகைத் தளர்த்தி, தலையைக் கையால் இறக்கி, அளவுக் குச்சியை அடியில் வைத்துப் பார்த்து முடுக்க வேண்டும். தட்டையான பலகையில் இரண்டு வருஷமாக வெட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை.

எங்கள் அம்மாவின் கல்யாணப் பாத்திரங்களில் பேரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பாத்திரக் கடையிலேயே ஒருவர் சின்ன மெஷினைப் பேனா மாதிரி பிடித்துக்கொண்டு டர்ரென்று இரண்டு நிமிஷத்தில் வெட்டித் தருவார். குடத்தின் கழுத்து, செம்பின் வயிறு, எங்கே கேட்டாலும் வெட்டுவார். அவருக்கு வளைவு ஒரு விஷயமே இல்லை, ஏனென்றால் கை வளைவோடு சேர்ந்து போகும். லேசர் போகாது. அது ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும்தான் கூராக இருக்கும், பொருள் அந்த உயரத்தை விட்டு விலகினால் சூடு பரந்துவிடும். இந்த ஒரு விஷயத்தோடுதான் மூன்று வாரம் மல்லுக்கட்டினேன்.

முதலில் டம்ளர். வளைவு ஒரு திசையில் மட்டும் என்பதால் இதுதான் சுலபம் என்று நினைத்தேன், ஒருவகையில் அது உண்மையும்தான். 4,800 ரூபாய்க்கு மூன்று தாடை வைத்த ரோட்டரி ஒன்று வாங்கினேன். மெஷினின் ஒய் அச்சு வயரைக் கழற்றி ரோட்டரியில் செருகினால், தலை நகர்வதற்குப் பதிலாக டம்ளர் சுற்றும். மோட்டாரில் 20 பல், தாடைப் பக்கம் 60 பல். மோட்டார் ஒரு சுற்றுக்கு 3200 ஸ்டெப் (சின்ன அசைவு), தாடை ஒரு சுற்றுக்கு 9600. என் மெஷினில் ஒரு மி.மீ.க்கு 80 ஸ்டெப் என்று இருப்பதால் 9600-ஐ 80-ஆல் வகுத்தால் 120. லேசரை ஓட்டுகிற லைட்பர்ன் மென்பொருளில் ஒரு சுற்றுக்கு 120 மி.மீ. என்று போட வேண்டும், அப்புறம் பொருளின் விட்டத்தைத் தனியாகப் போட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் முதல் நாள் போனது.

இரண்டாம் நாள் விட்டம் தப்பு. டம்ளரின் வாய் 75 மி.மீ., அடி 58 மி.மீ., உயரம் 95. வெர்னியர் அளவுகோலை வாயில் வைத்துப் பார்த்து 75 என்று போட்டுவிட்டேன். பேர் வருவதோ நடு உடம்பில், அங்கே விட்டம் 66.5தான். பேப்பர் சுற்றி 20 மி.மீ. வட்டம் ஒன்று சோதனைக்குப் போட்டால் உயரம் 20, அகலம் 17.7. முட்டை. பேர் எங்கே விழப்போகிறதோ அந்த இடத்து விட்டத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. 66.5 போட்டதும் வட்டம் வட்டமாகவே வந்தது.

டம்ளர் கீழே குறுகுவதால், படுக்கவைத்தால் அதன் மேல்பக்கம் சரிவாக இருக்கும். 95 மி.மீ. நீளத்துக்கு எட்டரை மி.மீ. இறக்கம், ஏறக்குறைய 5 டிகிரி. ரோட்டரியின் அடித்தட்டு 170 மி.மீ., தாடைக்கு எதிர்ப்பக்கத்தில் 15 மி.மீ. கட்டை ஒன்றைக் கொடுத்துத் தூக்கினேன். மேலே ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி நடுவுக்கு வந்துவிட்டது. இதில் கணக்குப் போட்டதைவிட ரசமட்டம்தான் அதிகம் உதவியது.

அப்படியும் எழுத்து ஒரு பக்கம் கறுப்பாகவும் ஒரு பக்கம் தேய்ந்தும் வந்தது. பென்சில் முனையை டம்ளருக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். இடைவெளி கூடிக் குறைகிறது, கிட்டத்தட்ட 0.8 மி.மீ. டம்ளர் வட்டமாகவே இல்லை. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எவர்சில்வரில் அரை மி.மீ. விலகினாலே கறுப்பு விழுவதில்லை. தெருமுனைக் கடைசல் பட்டறை அண்ணாச்சியிடம் ஒரு டம்ளரைக் கொடுத்து, உள்ளே இறுக்கமாக உட்காருகிற மாதிரி ஒரு மரக்கட்டை கடைந்து தரச் சொல்லிக் கேட்டேன். "இதுக்குள்ள கட்டையப் போட்டு என்ன செய்யப் போறீங்க தம்பி?" என்று கேட்டுவிட்டு, வேப்பமரத் துண்டில் கடைந்து கொடுத்தார். 150 ரூபாய். கட்டையின் வால்பக்கத்தைத் தாடை கவ்வும், டம்ளர் கட்டையின் மேல் ஏறி உட்காரும். நெளிசல் 0.3-க்கு இறங்கியது. முழுப் பவர், நிமிஷத்துக்கு 800 மி.மீ., கோட்டுக்குக் கோடு 0.05 மி.மீ., புகையை ஊதித் தள்ளுகிற காற்றுக் குழாயை நிறுத்திவிட்டு ஓட்டினேன். காற்று அடித்தால் எனக்குக் கறுப்பு சரியாகப் பிடிக்கவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எவர்சில்வர் வளைவு கண்ணாடி மாதிரி, விழுகிற ஒளியை எல்லாப் பக்கமும் வீசும். முதல் ஓட்டத்தில் சுவரில் நீலப்பொட்டு ஓடியதைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டேன். லேசர் தலையைச் சுற்றி இருக்கிற சின்ன நிறக் கண்ணாடி மூடி இதற்குப் போதாது. கண்ணில் போடுகிற 450 நானோமீட்டருக்கான கண்ணாடி, ஓ.டி. (ஒளியைத் தடுக்கிற அளவு) 5-க்குக் குறையாதது, 1,900 ரூபாய்க்கு வாங்கினேன், நாலு பக்கமும் பிளைவுட் மறைப்பும் வைத்தேன். ஓடுகிற நேரம் அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது.

ஆறு டம்ளரும் முடிந்தன. ஒன்றைச் சோதிக்க ஒரு வாரம் ஈரத்தோடு தொட்டியிலேயே போட்டு வைத்தேன், எழுத்தின் மேல் பழுப்பாகத் துரு பூத்துவிட்டது. சூட்டில் அந்த இடத்துக் குரோமியம் காப்பு கெட்டுப்போவதால் அப்படி. துடைத்தால் போகிறது, திரும்ப வருகிறது. அக்காவிடம் கழுவியதும் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துப் பார்க்க வேண்டும்.

இனி சிரட்டை. இதற்கு ரோட்டரி உதவாது. வளைவு இரண்டு திசையிலும் இருக்கிறது, போதாததற்குக் கண் பக்கமிருந்து மூன்று வரம்பு வேறு ஓடுகிறது. நார் சுரண்ட உடைந்த கண்ணாடிச் சில்லு, அப்புறம் 80, 120, 220, 400 என்று உப்புத்தாள். ஒரு சிரட்டைக்கு அரைமணி நேரம். தூசி மிக மெல்லியது, மூக்கில் துணி கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். கடைசியில் விளிம்பை டைல்ஸ் மேல் ஒட்டிய 80 நம்பர் தாளில் கவிழ்த்துத் தேய்த்து மட்டமாக்கினேன். இந்த விளிம்பு ஆடாமல் உட்கார்ந்தால்தான் மற்ற எல்லா அளவும் நிற்கும். முதல் மூன்று சிரட்டையில் இதைச் செய்யாமல், அம்மா கொடுத்த பிரிமணை மேல் வைத்து வெட்டினேன். கயிறு அமுங்கி, பாதியில் சாய்ந்துவிட்டது.

நாலாவதில் உச்சியில் ஃபோகஸ் வைத்து 40 மி.மீ. அகலக் கோலத்தை ஒரே மூச்சில் ஓட்டினேன். நடுவில் பேர் அருமை. ஓரத்தில் புள்ளிகள் ஊறிப்போன மை மாதிரி. அக்கா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோலம் எங்கடா?" என்றாள். பவரைக் கூட்டினேன். ஓரம் இன்னும் அகலமாகக் கருகியது, கூர்மை வரவில்லை. ஐந்து, ஆறு இரண்டும் இப்படிப் பவரைக் கூட்டிக் குறைத்ததிலேயே போயின.

அப்போதுதான் செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். 100 மி.மீ. பலகையின் ஒரு முனையை 10 மி.மீ. தூக்கி, அதன் நீளத்துக்கு ஒரு கோடு. ஒவ்வொரு 10 மி.மீ. நகர்வுக்கும் உயரம் ஒரு மி.மீ. மாறும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஃபோகஸிலிருந்து மேலே ஒரு மி.மீ., கீழே ஒரு மி.மீ. வரை கோடு நன்றாக இருக்கிறது. இரண்டு மி.மீ. போனதும் கோட்டின் தடிமன் இரண்டு மடங்கு. பத்து நிமிஷ வேலை இது, முதல் நாளே செய்திருந்தால் மூன்று சிரட்டை மிஞ்சியிருக்கும்.

என் சிரட்டைகள் ஏறக்குறைய 100 மி.மீ. விட்டம், ஆரம் 50. நடுவிலிருந்து 10 மி.மீ. தள்ளினால் ஒரு மி.மீ. இறக்கம். 14-இல் இரண்டு. 17-இல் மூன்று. 20-க்குக் கொஞ்சம் உள்ளே நாலு. அதாவது 20 மி.மீ. அகலப் படத்துக்கு வளைவு ஒரு பொருட்டே இல்லை, 40 ஆனதும் நாலு மடங்கு இறக்கம். சரி, படத்தை வளையம் வளையமாக நறுக்கிவிடலாம் என்று தோன்றியது. 10, 14, 17, 20 என்று நாலு வட்டம் போட்டுக் கோலத்தை நாலாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு நிறத்தில் வைத்து, ஒரு நிறம் முடிந்ததும் சிரட்டையை ஒரு மி.மீ. தூக்கி அடுத்த நிறத்தை ஓட்ட வேண்டும்.

ஒரு மி.மீ. எப்படித் தூக்குவது? தலையை இறக்கத் திருகைத் தொட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. தச்சுவேலை நடக்கிற வீட்டில் சன்மைக்கா வெட்டுத்துண்டு கிடைத்தது, அது சரியாக ஒரு மி.மீ. கனம், வெர்னியரில் பார்த்தேன், 0.98. சிரட்டையைச் சூட்டுப் பசையால் மூன்று பொட்டு வைத்து ஒரு பிளைவுட் சதுரத்தில் ஒட்டினேன். அந்தச் சதுரம் மெஷின் படுகையில் ஆணியடித்த எல் வடிவச் சட்டத்தின் மூலையில் போய் முட்டி நிற்கும். ஒரு வளையம் முடிந்ததும் சதுரத்தைத் தூக்கி அடியில் ஒரு மைக்கா, மறுபடி மூலைக்கு நெருக்கித் தள்ளு. இடம் மாறவே இல்லை. நாலாயிரம் ரூபாய்க்குத் தலையைத் தானாக ஏற்றி இறக்குகிற மோட்டார் அமைப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன், அதை வாங்காததில் எனக்குச் சந்தோஷம்.

ஏழாவது சிரட்டையில் மூன்று வளையம் அழகாக முடிந்தது. நாலாவதற்கு மூன்று மைக்கா கொடுத்து ஓட்டினால் படார் என்று ஒரு சத்தம், தலை சிரட்டையின் உச்சியில் இடித்து, பெல்ட் நழுவி, கோலத்தின் குறுக்கே ஒரு கோடு. காற்றுக் குழாயின் மூக்கு மாட்டியிருக்கும்போது மூக்குக்கும் பொருளுக்கும் நடுவே என் மெஷினில் 3 மி.மீ.தான் இடைவெளி. ஓரத்து வளையத்துக்கு ஃபோகஸ் வைக்கும்போது உச்சி அதைவிட மூன்றரை மி.மீ. உயரத்தில் நிற்கும். இடிக்காமல் என்ன செய்யும்? மூக்கைக் கழற்றிவிட்டால் 12 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. வளைந்த பொருளை வெட்டுகிறவர்கள் எல்லாரும் ஓட்டுவதற்கு முன் லேசரை அணைத்து வைத்து, தலையைக் கையால் பொருளின் உச்சத்துக்கு மேல் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.

மூக்கு இல்லாவிட்டால் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் புகை அங்கேயே படிகிறது. சிரட்டைப் புகை எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும், எழுத்தைச் சுற்றி மஞ்சள் நிழல் விழும். மாஸ்கிங் டேப் ஒட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் வளைகிற இடத்தில் டேப் சுருங்கி மடிப்பு விழுகிறது, மடிப்பு உள்ள இடத்தில் வெட்டு ஆழம் குறைந்து வெள்ளைக் கோடு. எட்டாவது போனது. ஒன்பதாவதில் பளபளப்புக்காக முதலிலேயே தேங்காயெண்ணெய் தடவிவிட்டு ஓட்டினேன், அது இதைவிட மோசம், வட்டமாகக் கரி. கடைசியில் ஒன்றும் ஒட்டாமல், தடவாமல், பக்கவாட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேனை வைத்துப் புகையைத் தள்ளிவிட்டு, முடிந்ததும் துணி சோப்பும் பழைய டூத்பிரஷும் போட்டுக் கழுவி, 400 உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. எண்ணெய் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

பத்தாவதில் இணைப்பு. வளையமும் வளையமும் சேருகிற இடத்தில் இடைவெளி வந்துவிடக் கூடாதே என்று 0.1 மி.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வைத்திருந்தேன். அங்கெல்லாம் இரண்டு முறை எரிந்து, கோலத்துக்கு மேல் மூன்று வட்டம் தனியாகத் தெரிந்தது. இதற்கு மெஷினில் தீர்வு தேடியதைவிடப் படத்தில் தேடியது நல்லதாகப் போயிற்று. சிக்குக் கோலத்தை எடுத்துவிட்டு வெறும் புள்ளியும் சின்னச் சின்ன இதழுமாக மாற்றி வரைந்தேன். வெட்டுகிற வட்டம் எந்தப் புள்ளியையும் தொடாமல், புள்ளிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் போகும். இணைப்பே இல்லை என்றால் இணைப்பு எப்படித் தெரியும்!

பதினோராவது எல்லா வகையிலும் சரி, ஆனால் எட்டடி தள்ளி நின்றால் ஒன்றுமே தெரியவில்லை. சிரட்டை கரும்பழுப்பு, லேசர் வெட்டு கறுப்பு. அதனால் ஆழமாக வெட்டி உள்ளே வெள்ளை நிரப்ப முடிவு செய்தேன். 80 சதவீதப் பவர், நிமிஷத்துக்கு 1800 மி.மீ., கோடு 0.1, இரண்டு முறை. ஆழம் 0.4 மி.மீ. வாக்கில் வந்தது. வெள்ளை அக்ரிலிக் பெயின்டை விரலால் அழுத்தித் தேய்த்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, மேலே 400 தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் மேற்பரப்பில் உள்ள வெள்ளை போய், பள்ளத்தில் உள்ளது மட்டும் நிற்கும். தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு புள்ளியாக வெளியே வரும். 12-ஆவது அப்படி வந்ததுதான். எண்ணெய் தடவியதும் பழுப்பு ஆழமாகி, வெள்ளை இன்னும் எடுத்துக் காட்டியது. அந்த நேரத்திலும் அக்காவை எழுப்பிக் காட்டிவிட்டுத்தான் படுத்தேன்.

ஆனால் 13-ஆவது மறுபடி ஒரு பக்கம் மங்கல். அது ஆரம் 50 உள்ள சிரட்டை இல்லை, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வரம்பு. ஒவ்வொரு சிரட்டைக்கும் தனியாக உயரம் அளந்து வளையம் வரையலாம் என்று, வெர்னியரின் பின்குச்சியால் ஒன்பது இடம் அளந்து ஒரு வரைபடம் போட்டேன். வேலை செய்தது. 25 நிமிஷம் ஆனது. 40-க்கு அது கட்டாது. அதைவிட, 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் 50 ஆரத்தில் ஒரு பிறை வெட்டி, அதைச் சிரட்டையின் முதுகில் மூன்று திசையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். அடியில் தெரிகிற ஒளிக்கீற்று ஒரு மி.மீ.க்குள் இருந்தால் பெரிய கோலம். அதற்கு மேல் இருந்தால் 20 மி.மீ.க்குள் பேர் மட்டும், ஒரே ஃபோகஸில். 13-ஆவதை மறுபடி தேய்த்து, கோலம் இல்லாமல் பேர் மட்டும் போட்டு எடுத்துக்கொண்டேன். 12-ஐயும் சேர்த்து மீதி இருந்த 49-இல் 19 பெரிய கோலத்துக்குத் தேறின, 21 சின்னப் படத்துக்கு, 9 வெடிப்பும் கோணலுமாகக் கழிந்தன. நாற்பது ஆகிவிட்டது. பெரியதற்கு லேசர் நேரம் 22 நிமிஷம், சின்னதற்கு 6.

ஓரத்துப் புள்ளிகள் சரிவில் விழுவதால் கொஞ்சம் நீண்டு தெரியும், 20 மி.மீ. தூரத்தில் கணக்குப்படி 9 சதவீதம். புள்ளியில் அது கண்ணுக்குப் படவில்லை. 30 வரை போனால் 25 சதவீதம், எழுத்து கெட்டுவிடும், அதனால் 40 மி.மீ. அகலத்தைத் தாண்ட மாட்டேன்.

செலவு: சிரட்டை 300, உப்புத்தாள் 420, பெயின்ட் 90, பசைக் குச்சி 60, மாஸ்க் 200, கடைசல் 150, மைக்கா சும்மா. ரோட்டரியும் கண்ணாடியும் சேர்த்து 6,700. சாமானைவிட நேரம்தான் அதிகம் போனது, உப்புத்தாளுக்கு மட்டுமே இருபது மணி நேரத்துக்கு மேல்.

அடுத்த தடவை முதலில் பலகைச் சரிவுச் சோதனை, அப்புறம்தான் பொருளைத் தொடுவேன். உப்புத்தாள் போட்ட பிறகு இல்லாமல், வாங்கும்போதே பிறையை வைத்துப் பார்த்து எடுப்பேன். வருகிற செவ்வாய்க்கிழமை களத்தில் புதுச் சிரட்டை குவிப்பார்களாம், அக்கா இன்னும் பத்து கேட்டிருக்கிறாள். பிறையில் கயிறு கோத்து வண்டிச் சாவியோடு மாட்டி வைத்திருக்கிறேன்.